இரண்டாவது தள்ளு

பிள்ளைகளே, போன கிழமை தொலைக்காட்சிச் செய்தியில் செய்மதி ஒன்றைக் காட்டினார்கள். ரொக்கெட் கொண்டுபோய் மேலே விட்டால் அது தன்பாட்டுக்குச் சுற்றும் என்று சின்னவன் சொன்னான். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டே, சுற்றும், ஆனால் வேறு பாதைக்கு மாற்றவேணுமென்றால் இரண்டு தரம் தள்ளவேணும், ஒரு தரம் மட்டும் தள்ளினால் தள்ளின இடத்துக்கே திரும்பி வந்துவிடும் என்றேன். போத்தலுக்கு மூடி போடுகிற அப்பாவுக்கு இது எப்படித் தெரியும் என்று நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள்.

சிரித்ததில் பிழையில்லை. நான் படித்தது பத்தாம் வகுப்பு மட்டும். ஊரில் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவன். ஆனால் செய்மதியைப் பற்றி ஒரு கிழமை முழுக்க இருந்து படித்திருக்கிறேன். விருப்பத்தில் படித்ததில்லை, வேறு வழியில்லாமல் படித்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. நீங்கள் இரண்டு பேரும் பிறக்கவில்லை. உங்கள் அக்காவுக்கு எட்டு வயது. அப்போது நடந்ததை நான் உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேரும் ஆக்லாந்துக்கு வந்து இறங்கியபோது எங்களைக் கூட்டிப்போக எயார்போட்டில் நின்றவர் மனுரேவா மாமா. உங்களுக்கு அவரைத் தெரியும், தீபாவளிக்குப் பார்க்கிறீர்கள். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. அம்மாவின் ஊர்க்காரர், அவ்வளவுதான். ஆனால் எங்களுக்காகக் கடிதம் எழுதியவர் அவர். கந்தோர் கந்தோராய் ஏறி இறங்கியவர் அவர். தான் வேலை செய்த களஞ்சியத்திலேயே எனக்கும் வேலை எடுத்துத் தந்தவர். முதல் குளிருக்கு உங்கள் அக்காவுக்கு ஒரு சிவப்பு ஜக்கெட் கொண்டுவந்து போட்டுவிட்டவரும் அவர்தான். தன் வீட்டோடு சேர்ந்திருந்த கார் கராஜைத் துப்புரவாக்கி, நிலத்துக்குக் காப்பெற் விரித்து, எங்களை இருத்தினார். ஒன்றரை வருடம் அங்கே இருந்தோம்.

அந்தக் கராஜுக்கு ஜன்னல் இல்லை. ஒரு பக்கம் தூக்குகிற கதவு, மற்றப் பக்கம் மாமா வீட்டுக் குசினிக்குப் போகிற சின்னக் கதவு. எங்கே போவதென்றாலும் மாமாவின் குசினிக்குள்ளால்தான் போகவேணும். விடிய மாமாவின் காரில் வேலைக்கு. பின்னேரம் மாமாவின் காரில் திரும்பி வருவது. சனிக்கிழமை மாமாவின் காரில் சாமான் வாங்க. நான் கார் ஓடப் பழகட்டோ என்று ஒருமுறை கேட்டேன். "நான் இருக்கேக்க உமக்கென்னத்துக்குக் கார், தம்பி?" என்றார். உண்மையான அன்போடு கேட்டார். அன்போடு கேட்கிறவருக்கு என்ன மறுமொழி சொல்கிறது?

மாமாவுக்கும் எனக்கும் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும், மூன்று மணிக்கு முடியும். மாமா வந்தவுடன் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். மூன்றரை தொடக்கம் ஆறு மணி வரைக்கும் நித்திரை. உங்கள் அக்கா பள்ளிக்கூடத்தால் வருகிறதும் சரியாக அந்த நேரம். மாமாவின் படுக்கையறைக்கும் எங்கள் கராஜுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். தும்மினாலும் கேட்கும்.

இதில் ஒன்றை நான் நேர்மையாகச் சொல்லவேணும். மாமா ஒருநாளும் பிள்ளையைச் சத்தம் போடாதே என்று சொன்னதில்லை. சொன்னது நான். அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு வாயைத் திறக்க முதலே நான் விரலை உதட்டில் வைப்பேன். அம்மாவும் அப்படித்தான். கொஞ்ச நாளில் விரலை வைக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அவள் கதைப்பதே காற்று வருகிற மாதிரி ஆகிவிட்டது. பிறகு பள்ளிக்கூடத்திலும் அப்படியே. பிறகு அதுவும் இல்லை. மாமா வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுவார்: "பாருங்கோ, எவ்வளவு அடக்கமான பிள்ளை. இப்பத்தைப் பிள்ளையளில இப்பிடி ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்." அப்படிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதத்தான் வேணும்.

அந்தக் காலத்தில் இங்கே எங்களுக்குக் கோயில் என்று ஒன்று இல்லை. மாமாவின் வீட்டில் ஒரு சாமியறை இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மனுரேவாவிலும் நகரத்தின் தென்பக்கத்திலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் வரும். விளக்கேற்றி, தேவாரம் பாடி, கடலை சாப்பிட்டு, ஊர்ச் செய்தி கேட்டுவிட்டுப் போகும். யாருக்கு எங்கே வேலை இருக்கிறது, யாருடைய விசா வந்தது, யாருடைய வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். நாங்கள் ஊரிலிருந்து உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த பிள்ளையார் படமும் அந்த அறையில்தான் இருந்தது. செருப்புக் கழற்றுகிற கராஜுக்குள் சாமிப்படம் வைக்கக்கூடாது என்று மாமா தானே வாங்கிக்கொண்டுபோய், தன் படங்களோடு வரிசையில் வைத்து, பூவும் வைத்துவிட்டார்.

பிறகு எனக்கு நகரத்தின் மற்றக் கோடியில், ஹெண்டர்சன் பக்கம் பழச்சாறு போத்தலில் அடைக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. ரானுயியில் இந்தச் சின்ன வீடும் வாடகைக்குச் சரிவந்தது. நாங்கள் தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். தப்பிவிட்டோம் என்ற சொல்லை நான் மனதுக்குள் சொன்னபோதே கூச்சமாக இருந்தது. நல்லது செய்த ஒருவரிடமிருந்து யாராவது தப்புவார்களா?

மாமா மறிக்கவில்லை. தானே காரில் சாமான் ஏற்றிவிட்டார். படத்தை எடுக்க அம்மா சாமியறைக்குப் போனபோது மட்டும், இருக்கிற இடத்தால் அதை எழுப்பவேண்டாம், நல்ல நாள் பார்த்து எடுக்கலாம், அதுவரைக்கும் வெள்ளிக்கு வெள்ளி வந்து கும்பிடுங்கள் என்றார். அம்மாவுக்கும் பயம். பூசை நடக்கிற இடத்திலிருந்து படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஏதாவது வந்துவிடுமோ என்று. சரி என்றோம்.

அப்படி ரானுயிக்கு வந்தோம். எப்படி வாழ்ந்தோம் என்று சொல்கிறேன், கேளுங்கள். வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்ததும் மூன்று பேரும் ரயில் ஏறுவோம். நகரத்தில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து மனுரேவாவுக்குப் போவோம். பூசை முடிய நேரம் போய்விடும், ரயில் இராது. இனி எங்கே போகப்போகிறீர்கள், உங்கள் இடம் அப்படியே இருக்கிறது என்பார் மாமா. உண்மையாகவே அப்படியே இருந்தது. அதே கராஜ், அதே காப்பெற், அதே மெத்தை. ஞாயிறு பின்னேரம் மாமா நித்திரையால் எழும்பி, மாமி சமைத்த கறிச் சட்டியோடு எங்களைக் காரில் ஏற்றி ரானுயியில் கொண்டுவந்து விடுவார். அடுத்த வெள்ளி திரும்பவும் ரயில். ஐந்து மாதம் இப்படி.

உங்கள் அக்கா புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். செவ்வாய், புதனில் வீட்டுக்குள்ளே கொஞ்சம் சத்தம் வரத் தொடங்கும். வியாழக்கிழமை ஒரு பாட்டுக்கூட முணுமுணுப்பாள். வெள்ளி பின்னேரம் ரயிலில் ஏறினவுடன் குரல் போய்விடும். திங்கள் அவள் பள்ளிக்கூடம் போகும்போது தொண்டைக்குள் ஒன்றும் இராது.

ஒருநாள் ஆசிரியை ஒரு கடிதம் கொடுத்துவிட்டா. அகராதியை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் வாசித்தோம். பிள்ளையின் காதைச் சோதித்தாயிற்று, காதில் குறையில்லை. எழுத்தில் குறையில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து வகுப்பில் வாய் திறக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒரு விசயத்தைப் பற்றி வகுப்புக்கு முன்னால் கதைக்கவேணும். இவளுடைய முறை வருகிற திங்கள். அன்றைக்கும் கதைக்காவிட்டால், அடுத்த வருடம் மேல் வகுப்புக்கு அனுப்பாமல் சின்னப் பிள்ளைகளோடு திரும்ப இருத்துவது நல்லது என்று நினைக்கிறோம். மிகவும் தன்மையாக எழுதியிருந்தா. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

விசயம் என்ன என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் நாய், பூனை, ரக்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இவள் வாய் திறந்து கேட்காததால் மிஞ்சினது இவளுக்கு வந்தது: செய்மதிகள் எப்படிப் பாதை மாற்றுகின்றன.

ஹெண்டர்சன் நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண்மணி சிறுவர் பகுதியிலிருந்து படம் போட்ட புத்தகம் ஒன்று எடுத்துத் தந்தா. பகலில் வேலை. பின்னேரம் நான்கரை தொடக்கம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் குசினி மேசையில் நானும் உங்கள் அக்காவும். ஒரு பக்கம் வாசிக்க எனக்கு அரை மணித்தியாலம். அவளுக்கு ஆங்கிலம் தெரியும், எனக்கு விளங்கப்படுத்தத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள்.

செய்மதி மேலே மிதந்துகொண்டு இருக்கிறது என்றுதான் நான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அது விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு கல்லை நேராக முன்னுக்கு எறிந்தால் கொஞ்சத் தூரம் போய் விழும். இன்னும் பலமாக எறிந்தால் இன்னும் தூரம். நினைக்க முடியாத வேகத்தில் எறிந்தால், கல் விழுகிற அளவுக்குப் பூமியும் வளைந்து வளைந்து விலகிக்கொண்டு போகும். கல் விழும், ஆனால் நிலத்தில் முட்டாது. முட்டாமல் விழுவதைத்தான் நாங்கள் சுற்றுகிறது என்கிறோம். அதற்கு எஞ்சின் ஓடத் தேவையில்லை. பூமியின் இழுவையே அதைச் சுற்றவைக்கும். அது ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதே பாதையில் அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

பாதையை மாற்றவேணுமென்றால்தான் அதிலுள்ள சின்ன ஊதுகுழாய்கள் வேலை செய்யும். ஊதின பலூனைக் கையால் விட்டால் காற்றுப் பின்னால் போக, பலூன் முன்னால் பாயும் அல்லவா, அதே மாதிரி. கொஞ்ச நேரம்தான் ஊதும். கொண்டுபோன எரிபொருள் கொஞ்சம். வழியில் நிறுத்தி நிரப்ப அங்கே பெற்றோல் செட் இல்லை.

மேலே போகவேணுமென்றால் மேல்பக்கமாகத் தள்ளவேணும் என்று நான் நினைத்தேன். அதுவும் பிழை. போகிற திசையிலேயே, முன்னுக்குத் தள்ளவேணும். அக்கா என் காதுக்குக் கிட்ட வந்து, காற்றுச் சத்தத்தில், அப்படியென்றால் எப்படி உயரும் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அம்மாவின் தாச்சிச் சட்டியை எடுத்து மேசையில் வைத்தேன், அதற்குள்ளே அக்கா விளையாடுகிற கண்ணாடிப் போளை ஒன்றை உருட்டினேன். போளை சட்டியின் வயிற்றில் வட்டமாக ஓடியது. ஓடும்போது, ஓடுகிற பக்கமாகவே விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். போளை சட்டியின் விளிம்புப் பக்கமாக ஏறியது. ஏறி, இறங்கி, நான் சுண்டின இடத்துக்கே திரும்பி வந்தது. திரும்பவும் ஏறியது. திரும்பவும் அதே இடம்.

தாச்சிக்குள்ளே எல்லாம் வானத்தில் நடக்கிற மாதிரி அச்சொட்டாக வராது, உரசல் இருக்கிறது, வளைவும் வேறு. ஆனால் புத்தகத்தில் இருந்த படம் அதுதான். ஒரு தரம் தள்ளினால் வட்டம் கோழிமுட்டை மாதிரி நீளும். மற்றப் பக்கம் உயரும், தூரமாகப் போகும். போய்விட்டோம் என்று இருக்கும். ஆனால் அந்தப் பாதை தள்ளின இடத்துக்குள்ளால்தான் போகிறது. எத்தனை தரம் சுற்றினாலும் அந்த இடத்துக்கு வந்தேயாகும்.

நான் படத்தில் இருந்த கோழிமுட்டைப் பாதையை விரலால் தடவிக்கொண்டு போனேன். தூர முனையில் ரானுயி என்று எழுதாததுதான் குறை.

"பிறகு என்ன செய்யுறது?" என்றாள் அக்கா.

பக்கத்தைத் திருப்பினோம். பொறுத்திருந்து, தூரமான முனைக்கு வந்து சேர்ந்தவுடன், அங்கே வைத்து இன்னொரு தரம் முன்னுக்குத் தள்ளவேணும். அப்போதுதான் கீழ்ப்பக்கமும் உயரும். பழைய இடத்தைத் தொடாத பெரிய வட்டம் வரும். இரண்டாவது தள்ளைப் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து நின்று கொடுத்தால் பலனில்லை. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும், பாதை அந்த இடத்துக்குள்ளால்தான் போகும்.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு வினோதமும் இருந்தது. ஒரே பாதையில் முன்னால் போகிற இன்னொரு செய்மதியைப் பிடிக்கவேணுமென்றால் வேகத்தைக் கூட்டக்கூடாது. கூட்டினால் உயரப் போய், பெரிய சுற்றில் மாட்டி, இன்னும் பிந்திவிடும். குறைக்கவேணும். குறைத்தால் கீழே இறங்கும், சுற்று சின்னதாகும், கீழ்ப்பக்கத்தால் போய் எட்டிப் பிடித்துவிடும். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. அதை எழுதின தாளில் மூன்று கோடு கீறி வைத்திருந்தாள். எனக்கு அந்த இரண்டாவது தள்ளு மட்டும்தான் மண்டைக்குள் நின்றது.

வியாழன் பின்னேரம் அவள் முழுப் பேச்சையும் எனக்குச் சொல்லிக்காட்டினாள். குசினி மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்டது, அடுப்படியில் நின்ற அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். வியாழனில் இவ்வளவு வருகிறதென்றால், இடையில் வெள்ளி, சனி, ஞாயிறு கராஜில் கிடந்துவிட்டுத் திங்கள் போய் நின்றால் என்ன வரும்?

"நாளைக்குப் போகேல்ல" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "படம் அங்க இருக்கேக்க இஞ்ச விளக்கு வைக்கலாமோ?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் செய்மதிதான் படித்தேன். அடுத்த நாள் பின்னேரம் நான் வேலையால் வரும்போது அம்மா முழுகி, ஒரு கோப்பைத் தட்டில் மஞ்சள்தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிள்ளையார் பிடித்து வைத்திருந்தா. அறுகம்புல்லுக்கு எங்கே போகிறது? வீட்டுக்கு முன்னால் வெட்டாமல் கிடந்த புல்லில் நல்லதாய் இரண்டு பார்த்துப் பிடுங்கிக் குத்தியிருந்தா. ஜாம் போத்தல் மூடியில் விளக்கு. என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு ஏற்றினா. ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது டெலிபோன் அடித்ததுதான்.

"எங்க நிக்கிறியள், தம்பி? விளக்கு ஏத்தப்போறம்."

"அண்ணை, இந்தமுறை வரேல்ல."

"காய்ச்சலோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஓம் என்றால் அடுத்த வெள்ளி காய்ச்சல் மாறிவிடும், போகவேணும். இல்லை என்றேன். பிள்ளைக்குத் திங்கள் வகுப்பில் கதைக்க இருக்கிறது, வீட்டில் நின்று பழகவேணும் என்றேன்.

"அதுக்கென்ன? இஞ்ச வந்து பழகட்டும். இஞ்ச மாதிரி அமைதியான இடம் வேற எங்க இருக்கு?"

"அதுதான் அண்ணை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பின்னால் ஆட்கள் தேவாரம் தொடங்குகிற சத்தம் கேட்டது. அவர் போனை வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் உங்கள் அக்கா முன்னறையில் கதிரையில் ஏறி நின்றுகொண்டு மூன்றாவது தரம் சொல்லிக்கொண்டிருந்தாள். மனுரேவாவுக்குப் போகாமல் ரானுயியில் நின்ற முதல் சனி. அடுப்படி வரைக்கும் கேட்டது. போளை தாச்சிக்குள் கடகடவென்று ஓட, அதற்கு மேலால் குரலை உயர்த்திச் சொன்னாள். அம்மா வெங்காயத்தை உரித்தபடி வாசலில் வந்து நின்றுவிட்டா. அப்போதுதான் வெளியில் கார் வந்து நின்றது. அந்த எஞ்சின் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அக்காவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. போளை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

மாமா கறிச் சட்டியோடு உள்ளே வந்தார். முதலில் அவருடைய கண் மூலையில் இருந்த மஞ்சள் பிள்ளையாரில் போய் நின்றது.

"ஓகோ. ஒருத்தரை அங்க என்ர சாமியறையில வாடகைக்கு இருத்திட்டு இஞ்ச புதுசா ஒருத்தரைப் பிடிச்சு வைச்சிருக்கிறியளோ?" பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

"இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்" என்று அம்மா உள்ளே ஓடினா.

மாமா கதிரையில் நின்ற அக்காவைப் பார்த்தார். என்ன ராசாத்தி, மாமாவுக்கும் ஒருக்கால் சொல்லிக்காட்டு என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். உதடு அசைந்தது. ஒன்றும் வெளியில் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், தாளைப் பார்த்துப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கேட்பதற்கு ஒன்றும் இல்லாமலே. "பாத்தியளே, என்ன அடக்கம்" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அண்ணை, நீங்கள் கொஞ்சநேரம் வெளியில நிக்கவேணும்."

"என்ன?"

"நீங்கள் உள்ளுக்கு நிண்டா பிள்ளைக்குக் குரல் வராது. திங்கள் வராட்டி அவளைக் கீழ் வகுப்பில விடப்போகினம்."

மாமா என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எப்பவாவது இந்தப் பிள்ளையை அடக்கினனானோ? ஒரு சொல்லுச் சொன்னனானோ?"

"நீங்கள் அடக்கேல்ல அண்ணை. நாங்கள்தான் அடங்கினது. உங்களில பிழையில்லை."

"பிழையில்லாட்டி என்னத்துக்கு வெளியில போகச் சொல்லுறீர்?"

அவர் கறிச் சட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார். சப்பாத்தைப் போடக் குனிந்தவர் குனிந்தபடியே, "எயார்போட்டில உங்களுக்காக ஆறு மணித்தியாலம் நிண்டவன் நான்" என்றார். அது உண்மை. எங்கள் விமானம் பிந்தி வந்தது. அவர் சாப்பிடாமல் நின்றார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றா.

கார் உடனே வெளிக்கிடவில்லை. மாமா அதில் சாய்ந்துகொண்டு வீட்டைப் பார்த்தபடி நின்றது ஜன்னல் சேலைக்குள்ளால் தெரிந்தது. போய்க் கூப்பிடு என்று அம்மா கண்ணால் சொன்னா. என் கால் வாசல் வரைக்கும் போய்விட்டது. கதவுப் பிடியில் கை வைத்தேன். கூப்பிட்டால் வருவார். வந்தால் தேத்தண்ணி குடிப்பார், சிரிப்பார், ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடுகிறேன் என்று எங்களை ஏற்றிக்கொண்டு போவார். நாங்களும் போவோம். கையை எடுத்துவிட்டேன். பிள்ளைகளே, எனக்குத் தெரிந்த ஒரே தள்ளு அதுதான். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு கதவைத் திறக்காமல் நின்றேன், அவ்வளவுதான்.

கார் வெளிக்கிட்டது.

"மாமாவுக்குக் கோவமோ?" என்று அக்கா கேட்டாள். காற்றுச் சத்தம் இல்லை, சாதாரணமான குரல். அம்மா திரும்பிப் பார்த்தா.

"ஓம்" என்றேன்.

"நல்ல கோவமோ?"

"நல்ல கோவம்."

அவள் போளையைத் தாச்சிக்குள் விட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். லீவு கேட்கிற அளவுக்கு நான் அங்கே பழையவன் இல்லை. போத்தல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, நான் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன பார்த்தேன் என்று தெரியாது. நான்கரைக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் படியில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாளாம். தாச்சியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்களாம், பிறகு எல்லோரும் வந்து சுண்டிப் பார்த்தார்களாம். நடுவில் ஒரு இடத்தில் குரல் போய்விட்டது, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன் என்றாள். எந்த இடம் என்று கேட்டேன். சொல்லவில்லை. பள்ளி முடிகிற கிழமை ஆசிரியை இன்னொரு கடிதம் அனுப்பினா. அக்கா தன் வகுப்போடேயே மேலே போனாள்.

மாமா ஏழு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மனுரேவாவில் ஆட்கள் எங்களைப் பற்றி என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவரவில்லை. தெரியவருகிற இடமே அதுதானே. அந்த மாரி முழுக்க எங்கள் வீட்டுக்கு ஒரு தமிழர் வரவில்லை. அம்மாவுக்குக் கதைக்க ஆளில்லை. நான் அவவை ஒரு கராஜிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டிக்குள் வைத்துவிட்டேனோ என்று பல நாள் நினைத்தேன். வெள்ளி பின்னேரம் ஐந்து மணியானால் இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்ப்போம், பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்போம். பிறகு மாமிக்கு ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டுப் போனோம். மாமா கதவைத் திறந்தார். "வாரும்" என்றார். அன்று பின்னேரமே திரும்பி வந்தோம், பிள்ளையார் படத்தை நாங்கள் கேட்கவுமில்லை, அவர் தரவுமில்லை.

இப்போது வருடத்தில் இரண்டு தரம் போகிறோம், உங்களையும் கூட்டிக்கொண்டு. மாமா நல்ல மனிதர். நான் இதை எழுதியதால் நீங்கள் அவரை வேறு மாதிரிப் பார்க்கக்கூடாது. ஆனால் அடுத்த தீபாவளிக்குப் போகும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். அந்த வீட்டுக் குசினிக்குள் கால் வைத்தவுடன் உங்கள் அக்காவின் குரல் இறங்கும். யூனிவர்சிட்டிக்குப் போகிற பிள்ளை. அவளுக்கே தெரியாமல் இறங்கும். என்னுடையதும்தான்.